அரசு முதலாளியானபோது: மலையகத்தில் அரச ஊழியமும் தோட்ட உழைப்பும்

அரச உத்தியோகத்தின் நன்மை தீமை பற்றிய பேச்சு நம் மத்தியதர வகுப்பினரிடையே ஓய்வூதியம், இடமாற்றம் என்பவற்றோடு நின்றுவிடுகின்றது. இலங்கையின் மிக உயரமான புகையிரத நிலையமான பட்டிப்பொலவில் நின்று நோக்கினால் வினா வேறு வடிவம் பெறும். நிலையத்திற் கடமையாற்றுபவர் அரச ஊழியர். மலைநாட்டின் பெருந்தோட்டங்களிற் கொழுந்து பறித்தோரும் 1975 தொடக்கம் 1992 வரை பெரும்பாலும் அரசுக்கே உழைத்தனர். எனினும் அவர்கள் அரச ஊழியராகக் கொள்ளப்படவில்லை.

1972ஆம் ஆண்டு நிலச் சீர்திருத்தச் சட்டம் நெற்காணியல்லாத தனியார் நிலங்களுக்கு 50 ஏக்கர் உச்சவரம்பு விதித்தது. 1975ஆம் ஆண்டுத் திருத்தம் கம்பனித் தோட்டங்களையும் அரசுடைமையாக்கியது. பிரித்தானியக் கம்பனிகள் இருந்த இடத்தில் அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனமும், ஜனவசம எனப்படும் மக்கள் பெருந்தோட்ட அபிவிருத்திச் சபையும் அமர்ந்தன. காலைப் பிரட்டு, செக்றோல், அரைப்பேர், லயம் யாவும் முன்போலவே நீடித்தன. உற்பத்தி உறவுகளைத் தீண்டாத உடைமை மாற்றத்தைச் சோசலிசம் எனக் கொண்டாடியோர் அன்று நம்மிடையேயும் இருந்தனர்.

ஊழியர் சேமலாப நிதி உண்டு. அரச ஊழியரின் ஓய்வூதியம் இல்லை. 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்டோர்க்கோ அரசாங்கப் பதவியே எட்டாதது. அரசுக்கு வேலை செய்யலாம். அரச வேலை செய்ய முடியாது! நிலவுடைமையாளனாகிய அரசு தோட்டங்களைத் துண்டாடவும் முனைந்தது. நுவரெலியா மாவட்டத்தில் 7,000 ஏக்கரைப் பகிர்ந்தளிக்கும் திட்டத்தை எதிர்த்த போராட்டத்தில், 1977 மே மாதம், டெவன் தோட்டத்துச் சிவனு லெட்சுமணன் பொலிஸாரின் துப்பாக்கிச் சூட்டிற்குப் பலியானார்.

ஆயினும் நன்மையே இல்லை என்பது வறட்டுவாதம். அரசே முதலாளியாகும்போது கூலிக் கோரிக்கை நேரடியாக அரசியற் கோரிக்கையாகின்றது. 1984 ஏப்ரல் வேலைநிறுத்தத்தின் பின்னர் பெண்களுக்கு ஆண்களுக்குச் சமமான நாட்கூலி கிடைத்தமை இதற்குச் சான்று.

நிலையத்து ஊழியரின் பாதுகாப்பும் நிபந்தனைக்குட்பட்டதே. 1956இன் தனிச்சிங்களச் சட்டம் தமிழ் அரச ஊழியரைச் சிங்களத் தேர்ச்சியால் அளந்தது. 1980 ஜூலை வேலைநிறுத்தத்திற் புகையிரத ஊழியர் உள்ளிட்ட சுமார் 40,000 பேர் பதவியிழந்தனர். இடமாற்றத்தை எண்ணி நொந்துகொள்ளும் நண்பர்கள் இதனை அதிகம் பேசுவதில்லை.

1992இல் பெரும்பாலான தோட்டங்களின் முகாமைத்துவம் தனியார் கம்பனிகளிடம் சென்றது. நிலத்தின் உரித்து அரசிடமே எஞ்சியது. ஆதலால், தான் வாழும் லயத்து மண்ணுக்குக் காணி உறுதி கேட்கும் தொழிலாளி இன்றும் அரசையே நாட வேண்டியுள்ளது.