இருபது நாளில் சேர்க்க வேண்டிய எரிபொருள்

பஞ்சாபில் நெல் அறுவடைக்கும் கோதுமை விதைப்புக்கும் இடையே உழவருக்குக் கிடைப்பவை ஏறத்தாழ இருபது நாட்களே. நிலத்தடி நீரைக் காக்க 2009ஆம் ஆண்டு இயற்றப்பட்ட சட்டம் நெல் நடவை ஜூன் மாதத்திற்குத் தள்ளியது. அறுவடையும் அக்டோபர் இறுதியை நோக்கி நகர்ந்தது. நவம்பர் நடுவில் கோதுமை மண்ணில் இருந்தாக வேண்டும். அறுவடை இயந்திரமோ கதிரைக் கொய்துகொண்டு தாளை வயலிலேயே விட்டுச் செல்கிறது.

நம் ஊரில் வைக்கோல் என்றதும் மாடுதான் நினைவுக்கு வரும். அங்கே மாடுகளுக்குக் கோதுமைத் தாளே தீவனம். சிலிக்கா மிகுந்த நெல் வைக்கோலை, அதிலும் பாஸ்மதி அல்லாத ரகங்களின் வைக்கோலை, பெரும்பாலோர் தீவனமாகக் கொள்வதில்லை. ஆகவே தீ மூட்டுகின்றனர். ஒரு டன் வைக்கோல் எரிந்தால் சுமார் 5.5 கிலோ தழைச்சத்தும் 25 கிலோ சாம்பல்சத்தும் வீணாகின்றன என்பது வேளாண் அறிஞர் கணக்கு. பஞ்சாபில் ஆண்டுதோறும் சேரும் நெல் வைக்கோல் ஏறத்தாழ 2 கோடி டன்.

இதனை எரிபொருளாக்கும் தொழில்நுட்பம் கைக்கு எட்டிவிட்டது. சங்க்ரூர் மாவட்டத்தின் லெஹ்ராகாகாவில் 2022 அக்டோபரில் தொடங்கப்பெற்ற ஆலை, முழுத்திறனில் நாளொன்றுக்கு 33 டன் எரிவாயு தரும் வகையில் அமைக்கப்பட்டது. நறுக்கிய வைக்கோல் காற்றுப்புகாத தொட்டிகளில் நொதிக்கிறது. வெளிப்படும் வாயுவிலிருந்து கரியமில வாயுவை நீக்கி அழுத்தினால், சிஎன்ஜி வாகனங்களுக்கு ஏற்ற எரிபொருள் கிடைக்கிறது. எஞ்சும் சக்கை எருவாகிறது. அதே ஆண்டு ஆகஸ்ட் 10 அன்று நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்ட ஹரியாணாவின் பானிப்பட் ஆலை, ஆண்டுக்கு 2 இலட்சம் டன் வைக்கோலிலிருந்து சுமார் 3 கோடி லிட்டர் எத்தனால் தயாரிக்கத் திட்டமிடப்பட்டது.

உண்மையான இடர்ப்பாடு வயலுக்கும் ஆலைக்கும் இடையே உள்ளது. ஆலை ஆண்டு முழுவதும் இயங்க வேண்டும். மூலப்பொருளோ சில வாரங்களுக்குள் அறுத்து, வரிசையாகக் கூட்டி, கட்டுகளாகக் கட்டி, ஏற்றிச் சென்று அடுக்கப்பட வேண்டும். மழை நனைக்கும், ஒரு தீப்பொறி பல ஏக்கர் பரப்பில் அடுக்கியதைச் சாம்பலாக்கும். வைக்கோல் கட்டும் இயந்திரமும் டிராக்டரும் கடனில் வாங்குபவருக்கு வருமானம் அறுவடைப் பருவத்தில் மட்டுமே. அவரிடம் மாதத் தவணை கேட்பது முறையன்று. ஆலை பணம் வழங்கும் காலத்தை ஒட்டித் தவணை அமைய வேண்டும் என்பது கடன் மனுக்களைப் பார்த்துப் பழகிய என் கருத்து.

மைய அரசு 2023இல் திருத்திய பயிர்க்கழிவு மேலாண்மை நெறிமுறை இந்த இடைவெளியைக் கருத்தில் கொண்டது. வைக்கோல் சேகரிப்புத் திட்டங்களுக்கான இயந்திரச் செலவில் 65 விழுக்காட்டை அரசும், 25 விழுக்காட்டை வாங்கும் தொழிற்சாலையும், 10 விழுக்காட்டை உழவர் அல்லது சேகரிப்பாளரும் ஏற்பர். அழுத்தப்பட்ட உயிரி எரிவாயு ஆலைகளுக்கான கடனை ரிசர்வ் வங்கி 2020இல் முன்னுரிமைத் துறையில் சேர்த்தது. வேளாண் உட்கட்டமைப்பு நிதியின்கீழ்த் தகுதி பெறும் திட்டங்களுக்கு, 2 கோடி ரூபாய் வரையிலான கடனுக்கு ஏழாண்டுகள் வரை 3 விழுக்காடு வட்டிச் சலுகை உண்டு.

எல்லா ஊரும் இவ்வாலைகளை வரவேற்பதில்லை. லூதியானா மாவட்டச் சிற்றூர்கள் சிலவற்றில் துர்நாற்றத்தையும் நிலத்தடி நீர் மாசையும் அஞ்சி 2024இல் மக்கள் போராடினர். அவர்களின் அச்சத்தை அறியாமை என்று ஒதுக்குவது தவறு. ஊரார் இசைவில்லாத ஆலை கடன் கொடுப்பவருக்கும் இடரே.

இன்னொன்றும் உண்டு. பல இடங்களில் வயலைக் காலி செய்து தந்தால் போதுமென உழவர் வைக்கோலை விலையின்றிக் கொடுத்துவிடுகிறார். டன் கணக்கில் பணம் பெறுபவர் சேகரிப்பாளர். பத்துப் பதினைந்து உழவர் குழுவாகச் சேர்ந்து இயந்திரம் வாங்கினால் அத்தொகை அவர்களுக்கே சேரும். அத்தகைய குழு வங்கிக்கு வரும்போது இயந்திரத்தின் விலைப்புள்ளியோடு ஆலையின் கொள்முதல் ஒப்பந்தத்தையும் கொண்டு வருதல் நலம். டன்னுக்கு என்ன விலை, எவ்வளவு ஈரப்பதம் வரை ஏற்பர், எத்தனை நாளில் பணம் தருவர் என்னும் மூன்றும் அதில் எழுத்தில் இருக்கட்டும்.