யாருக்காக யார் காத்திருக்கிறார்?

பெட்டிக்குள் ஒரு பயணம் – 12

மதுரையிலிருந்து தங்கை மகன் அழைத்தான். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். மாலை நேரங்களில் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்து 25,000 ரூபாய் சேர்த்து வைத்திருந்தான்.

"மாமா, கிராபிக்ஸ் கார்டு மாத்திரலாம்னு இருக்கேன். கேம் சிக்கிச் சிக்கி ஓடுது. கார்டு பழசாயிருச்சு, அதான் காரணம்னு பசங்க எல்லாம் சொல்றாங்க."

அந்தப் பெட்டி எனக்கு நன்றாகத் தெரியும். 2018-ல் அவன் அண்ணனுக்காக நானும் கூடப் போய் வாங்கியது. ரைசன் 5 1600 பிராசசர், பி350 மதர்போர்டு, 8 ஜிபி ரேம் ஒரே ஸ்டிக், ஜிடிஎக்ஸ் 1060 கார்டு. விண்டோஸுக்கு 120 ஜிபி எஸ்எஸ்டி, கேம்களுக்கு 1 டிபி ஹார்டு டிஸ்க், 60 ஹெர்ட்ஸ் மானிட்டர். அந்தக் கார்டு மாடல் 2016-ல் வெளிவந்தது, பிராசசர் 2017-ல். வயதைப் பார்த்தால் கார்டுதான் மூத்தது. கார்டு பழசு என்று பையன்கள் சொன்னதில் தவறில்லை. ஆனால் அவர்களில் ஒருவரும் அளந்து பார்க்கவில்லை.

"சனிக்கிழமை வர்றேன்டா. அதுவரைக்கும் எதையும் வாங்கிராத" என்றேன்.

இந்தத் தொடரில் இதுவரை பாகங்களைத் தனித்தனியே கழற்றிப் பார்த்தோம். இந்த வாரம் எல்லாவற்றையும் சேர்த்து ஓடவிட்டுப் பார்ப்போம்.

கேம் என்பது நொடிக்கு நொடி புதிதாக வரையப்படும் படங்களின் வரிசை. நொடிக்கு 60 படம் வேண்டுமென்றால் ஒரு படத்துக்குக் கிடைப்பது 16.7 மில்லி நொடி. 144 படம் வேண்டுமென்றால் 7 மில்லி நொடிகூட இல்லை. எதிரி எங்கே நிற்கிறான், குண்டு எந்தப் பக்கம் போகிறது என்று கணக்குப் பார்த்து, இன்னின்னதை வரை என்று உத்தரவு கொடுப்பது பிராசசர். அதை வாங்கி வரைவது கிராபிக்ஸ் கார்டு.

மார்கழி வாசலை நினைத்துக்கொள்ளுங்கள். அக்கா புள்ளி வைத்துக்கொண்டே போகிறாள். தங்கை பின்னாலேயே இழை இழுத்து வண்ணம் போடுகிறாள். அக்காவின் கை மெதுவானால் தங்கை பொடிக் கிண்ணத்தோடு காத்திருக்க வேண்டியதுதான். தங்கை மெதுவானால் அக்கா நிற்க வேண்டியதுதான். கோலம் எப்போது முடியும் என்பதைத் தாமதமாகிறவள்தான் முடிவு செய்கிறாள். காத்திருக்கிறவளுக்கு எவ்வளவு உயர்ந்த வண்ணப்பொடி வாங்கிக் கொடுத்தாலும் கோலம் ஒரு நிமிடம்கூட முன்னால் முடியாது.

ஐபிஎம் 360 கணினியை வடிவமைத்தவர்களில் முதன்மையானவரான ஜீன் ஆம்டால், 1967-ல் இதே அடிப்படையில் ஒரு வாதத்தை முன்வைத்தார். வேலையின் ஒரு பகுதியை எத்தனை மடங்கு வேகப்படுத்தினாலும், வேகப்படுத்தாத பகுதி மொத்த வேகத்துக்கு வரம்பு கட்டிவிடும் என்பது அதன் சாரம். ஆம்டால் விதி என்று இன்று பாடப்புத்தகங்களில் இருக்கிறது. பழைய பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு கையில் பணத்தோடு உட்கார்ந்திருக்கும் எல்லோருக்கும் அது பொருந்தும். முதலில் கண்டுபிடிக்க வேண்டியது, யாருக்காக யார் காத்திருக்கிறார் என்பதைத்தான்.

அதற்குக் காசு செலவில்லாத சோதனை ஒன்று உண்டு. கேமின் செட்டிங்ஸில் ரெசல்யூஷனைக் குறையுங்கள். 1920×1080 என்றால் ஒரு படத்தில் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட பிக்சல்கள். 1280×720 என்றால் 9 லட்சத்துச் சொச்சம். கோலப் புள்ளிகளின் எண்ணிக்கையை மாற்றாமல் அவற்றை நெருக்கி வைத்தது போலத்தான் இது. அக்காவுக்கு அதே வேலை, தங்கைக்குப் பாதி வேலை. படங்களின் எண்ணிக்கை சட்டென்று ஏறினால் தாமதம் கார்டினுடையது. ஏறாமல் அப்படியே நின்றால் தாமதம் வேறெங்கோ.

அவன் நண்பர்களோடு தினமும் ஆடுவது கவுன்ட்டர் ஸ்ட்ரைக் 2. எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற இலவச மென்பொருளை ஓடவிட்டுக் குறித்துக்கொண்டோம். 1080-ல் சராசரி எஃப்பிஎஸ், அதாவது நொடிக்கு வரும் படங்கள், 92. 720-க்கு இறக்கினோம். 94. கார்டு மூன்றில் இரண்டு பங்கு நேரம்தான் உழைத்தது, மீதி நேரம் சும்மா நின்றது. அவன் மாற்றத் துடித்த பாகம் பொடிக் கிண்ணத்தோடு காத்திருந்த தங்கை.

"ஆனா மாமா, டாஸ்க் மேனேஜர்ல பிராசசர் 45 சதவீதம்தானே காட்டுது? அதுவும் சும்மாதானே இருக்கு?"

நல்ல கேள்வி. பலரும் ஏமாறுகிற இடமும் இதுதான். அவனுடைய பிராசசரில் 6 கோர், 12 திரெட். ஒரு திரெட் மூச்சு முட்ட ஓடினாலும் மொத்தக் கணக்கில் அது 8 சதவீதமாகத்தான் தெரியும். கேமின் முக்கியமான கணக்குகள் ஒன்றிரண்டு திரெட்களிலேயே குவிகின்றன. அவை நிரம்பிவிட்டால் மற்றவை காலியாக இருந்தும் பயனில்லை.

இன்னொன்றையும் அவனுக்குக் காட்டினேன். 92 என்பது சராசரி. மானிட்டரே 60 ஹெர்ட்ஸ்தான், பிறகு ஏன் சிக்குகிறது? 2011-ல் டெக் ரிப்போர்ட் இணையதளத்தில் ஸ்காட் வாசன் எழுதிய கட்டுரை, ஒரு நொடியின் சராசரியை விட்டுவிட்டு ஒவ்வொரு படத்துக்கும் ஆன நேரத்தைத் தனித்தனியே பார்க்கும் வழக்கத்தைப் பரப்பியது. ஒரு நொடியில் 91 படங்கள் சீக்கிரம் வந்து, ஒரே ஒரு படம் தாமதமானாலும் சராசரி அழகாகத்தான் இருக்கும். கண்ணுக்குத் தெரிவது அந்த ஒரு படத்தின் தாமதம். மிக மோசமான 1 சதவீதப் படங்களை மட்டும் எடுத்துப் பார்க்கும் கணக்கை '1% லோ' என்கிறார்கள். அவனுக்கு அது 31.

அப்படியானால் பிராசசரை மாற்ற வேண்டுமா? அவசரப்படவில்லை. அது எதற்காகக் காத்திருக்கிறது என்று பார்த்தோம். கேம், டிஸ்கார்டு, பிரவுசரில் நாலு டேப். 8 ஜிபி ரேம் விளிம்புவரை நிரம்பிவிட்டது. இடமில்லாததை விண்டோஸ் டிஸ்குக்குத் தள்ளித் தள்ளி எடுத்துக்கொண்டிருந்தது. ரேம் ஒரே ஸ்டிக் என்பதால், பிராசசருக்கும் ரேமுக்கும் இடையிலான இரட்டைச் சாலையில் ஒன்று திறக்கவே இல்லை. ஸ்டிக்கின் மேல் 3000 என்று அச்சிட்டிருக்கிறது, ஓடுவதோ 2133-ல். ரேமை அச்சிட்ட வேகத்தில் ஓடவைக்கும் எக்ஸ்எம்பி அமைப்பை வாங்கிய நாளிலிருந்து பயாஸில் யாரும் போடவே இல்லை. அன்று கூடப் போன நானும் அதைப் பார்த்துக் கொடுத்திருக்க வேண்டும்.

முதல் தலைமுறை ரைசனில் இது இரட்டை அடி. அந்த பிராசசருக்குள் கோர்கள் இரண்டு கூட்டங்களாக இருக்கின்றன. அவற்றுக்கிடையே செய்தி போகும் பாதைக்கு இன்ஃபினிட்டி ஃபேப்ரிக் என்று பெயர். அந்தப் பாதையின் வேகம் ரேமின் வேகத்தோடு கட்டப்பட்டிருக்கிறது. ரேம் தூங்கினால் பிராசசரின் உள்வீட்டு நடையும் தளரும்.

வேலையில் இறங்கினோம். முதலில் தூசி. ஃபேனை எடுத்தால் ஹீட்சிங்க் இடுக்குகள் பஞ்சு வைத்ததுபோல் அடைத்திருந்தன. துடைத்து, புது தெர்மல் பேஸ்ட் வைத்ததும் 89 டிகிரி வரை போன சூடு 73-ல் நின்றது. அதே மாடல் 8 ஜிபி ஸ்டிக் இன்னொன்று வாங்கிப் போட்டோம். எக்ஸ்எம்பி போட்டதும் 3000-ல் தடுமாறியது. 2933-ல் வைத்தபோது நிலையாக ஓடியது. கேம்களுக்கு ஒரு எஸ்எஸ்டி வாங்கினோம். அவன் ஆடும் இன்னொரு கேமான சைபர்பங்க் 2077-க்கு 2023 முதல் எஸ்எஸ்டி குறைந்தபட்சத் தேவையாகவே அறிவிக்கப்பட்டிருக்கிறது. சுழலும் தட்டில் முள் நகர்ந்து தேடி எடுக்கும் ஹார்டு டிஸ்குக்கு இன்றைய கேம்களின் பசியைத் தாங்க முடியாது.

மறுபடி அளந்தோம். சராசரி 118. 1% லோ 66. மோசமான படங்கள்கூட இப்போது அவன் மானிட்டரின் 60-க்கு மேலே. பையன் ஒரு சுற்று ஆடிவிட்டுத் திரும்பிப் பார்த்தான். "மாமா, இது என் பெட்டிதானா?" சேமிப்பில் பெரும்பகுதி இன்னும் அவன் கையிலேயே இருந்தது.

ஆனால் சைபர்பங்கில் கதை தலைகீழ். கார்டு 98 சதவீதம் உழைத்தும் சராசரி 41 தான். ரெசல்யூஷனை இறக்கியதும் எண்ணிக்கை விறுவிறுவென்று ஏறியது. இங்கே தாமதம் தங்கையினுடையது. ஒரே பெட்டி, இரண்டு கேம், இரண்டு பதில். 'என் கம்ப்யூட்டருக்கு எதை மாற்றலாம்' என்று கேட்கிறவர்களிடம், 'என்ன ஆடுகிறீர்கள்' என்று நான் திருப்பிக் கேட்பது இதனால்தான்.

பிராசசரை மாற்றவும் அவனுக்கு வழி இருக்கிறது. அது ஏஎம்4 சாக்கெட்டின் கொடை. 2017-ல் வந்த பி350 போர்டுகள் பலவற்றில், பயாஸைப் புதுப்பித்துவிட்டு 2022-ல் வந்த ரைசன் 5 5600-ஐ உட்கார வைக்கலாம். போர்டும் ரேமும் அப்படியே இருக்கும். மாற்றுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கான பட்டியலில் 1600 இல்லை, 5600 இருக்கிறது. எதிர்வீட்டுப் பையனுக்கு இந்த வசதி இல்லை. அவனுடையது இன்டெல் ஏழாம் தலைமுறை ஐ5. எட்டாம் தலைமுறைக்கும் அதே 1151 பின்கள்தான், ஆனாலும் அதற்கு இன்டெல் புது மதர்போர்டு கேட்டது. பாகத்தின் விலையைக் கேட்பதற்கு முன்னால், அது கூடவே எதையெல்லாம் இழுத்துக்கொண்டு வரும் என்று கேட்டுவிடுங்கள்.

தங்கை மகன் விசாரித்து வைத்திருந்த கார்டு ஆர்எக்ஸ் 6600. நல்ல தேர்வுதான். பெட்டியை மூடும் முன் பவர் சப்ளையிலிருந்து கார்டுக்குப் போகும் வயரைப் பிடித்துக் காட்டினேன். 6 பின். அப்படி ஒன்றுதான் இருந்தது. 1060-க்கு அது போதும். 6600-க்கு வேண்டியது 8 பின். அவசரப்பட்டு வாங்கியிருந்தால், ஆறு மாதம் கணக்குச் சொல்லிக்கொடுத்துச் சேர்த்த பணத்தில் வந்த கார்டு செருக வயரில்லாமல் மேசையில் கிடந்திருக்கும்.

எண்களை எல்லாம் ஒரு தாளில் எழுதி பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டினான். தேதி, கேம், சராசரி, லோ, சூடு. "லீவுல சைபர்பங்க் ஆடுவேன் மாமா. அப்ப திரும்ப அளந்து பார்த்துட்டு, கார்டும் பவர் சப்ளையும் சேர்த்துக் கணக்குப் போடுறேன்" என்றான். அந்தப் பேச்சைக் கேட்கத்தான் மதுரைக்குப் போனேன் என்று தோன்றியது.

அந்த 6 பின் வயரையும் 8 பின் வயரையும் பற்றி, அடாப்டர் போட்டால் ஆகாதா என்ற கேள்வியையும் பற்றி அடுத்த வாரம் பார்ப்போம். கேமர்கள் யாரும் கவனிக்காத, ஆனால் மற்ற எல்லாப் பாகங்களின் உயிரையும் கையில் வைத்திருக்கிற பவர் சப்ளையைத் திறப்போம்.

(பயணம் தொடரும்)