குச்சி ரெண்டு... கிண்ணம் நிறைய!

குலசை தசரா பார்த்திருக்கீங்களா? காளி, குறவன், போலீஸ், குரங்குன்னு பத்து நாளும் வேஷம் போட்டவங்க மேளம் முழங்க ஊர் ஊரா வர்றதைப் பார்த்தா, நமக்கும் கால் ஆடும். குலசேகரன்பட்டினத்துக் கடற்கரை அதிரும் அந்தக் குச்சி, தோலை அடிக்கும். அதே குச்சி தண்ணீர்க் கிண்ணத்தைத் தட்டினால்? அதுதான் ஜலதரங்கம்!

இதில் கலக்கிய சீதா துரைசாமி நம்ம திருநெல்வேலிச் சீமைக்காரர் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? 1926-ல் அடைச்சாணி கிராமத்தில் பிறந்தவர். குடும்பம் சென்னைக்குப் போனதும், சின்ன வயதிலேயே ரமணய்யா செட்டியாரிடம் ஜலதரங்கம் கற்றார். மியூசிக் அகாடமி பதக்கமும் வாங்கினார். அப்புறம்? பதினாலு வயதில் கல்யாணம், பத்துக் குழந்தைகள். நம்மில் யாராவது ஒரு செமஸ்டர் பிராக்டிஸ் விட்டாலே கை மரத்துப் போகும். அவரோ பல வருஷம் கழித்து மறுபடி குச்சியைக் கையில் எடுத்தார், மேடையேறினார். 2001-ல் தமிழக அரசின் கலைமாமணி விருது கிடைத்தது. 2013-ல் மறைந்தார்.

இன்ஜினியரிங் மூளைக்குக் கொஞ்சம் தீனி: கிண்ணத்தில் தண்ணீர் கூடக்கூட சுருதி இறங்கும். பீங்கான் அதிரும்போது கூடவே தண்ணீரையும் அசைக்கணுமே, அந்தப் பாரம்தான் காரணம். ஃபேன் காற்றில் தண்ணீர் ஆவியானால் சுருதி நழுவும். கச்சேரி நடுவிலேயே சரிபார்க்கணும். கமகம் இன்னும் கஷ்டம். தட்டியதும் ஒலி அடங்கிவிடும். குச்சி நுனியால் தண்ணீரைத் தொட்டுத்தான் ஸ்வரத்தைக் கொஞ்சம் வளைக்க முடியும்.

அமெரிக்க ஜாஸில் இதற்கு ஒரு சித்தப்பா பிள்ளை உண்டு: வைப்ரஃபோன். கிண்ணத்துக்குப் பதில் உலோகப் பட்டைகள். 1930-ல் லூயி ஆம்ஸ்ட்ராங் இசைத்தட்டில் லயனல் ஹாம்ப்டன் அதை வாசிக்க, ஜாஸ் உலகமே திரும்பிப் பார்த்தது. கேரி பர்ட்டன் கைக்கு ரெண்டு வீதம் நாலு குச்சி பிடித்து வாசித்தவர். பாஸ்டனின் பெர்க்லி இசைக் கல்லூரியில் பல வருஷம் பாடமும் நடத்தினார்.

வித்தியாசம் இங்கேதான் இடிக்குது. அங்கே வைப்ரஃபோனுக்கு வகுப்பு, டிகிரி, வாத்தியார் எல்லாம் உண்டு. இங்கே ஜலதரங்கம் சொல்லித்தர ஆள் கிடைப்பதே அபூர்வம். ஆனையம்பட்டி கணேசன் மாதிரி விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர்தான் அதை மேடையில் கேட்கவைத்தவர்கள். கற்க யாரும் வராவிட்டால், கிண்ணங்கள் ஷோகேஸுக்குப் போய்விடும்.

இதற்குக் கேம்பஸ் இன்டர்வியூ எல்லாம் வராது பாஸ், உண்மைதான். ஆனா மெஸ்ஸில் ஏழு பீங்கான் கப் கிடைக்காமலா போகும்? தண்ணீர் ஊற்றுங்க, ரெண்டு பென்சில் எடுங்க, மொபைல் டியூனரை வைத்து 'ஸரிகமபதநி' பிடிச்சுப் பாருங்க. வார்டன் வந்தா, 'அக்கவுஸ்டிக்ஸ் லேப் சார்'னு சொல்லிடலாம்!