நிலம் வரைதல் – 9: முதலில் நாற்றங்கால்

லேண்ட்ஸ்கேப் படிக்கிறவர்கள் பிளானில் வளைந்து நெளிந்து ஒரு கோடு போட்டுவிட்டால், ஜூரியில் காரணம் கேட்பார்களே என்று ஒரு பெயரைத் தயாராக வைத்திருப்போம்: புர்லே மார்க்ஸ். கேட்டவரும் தலையாட்டிவிடுவார். ரியோ டி ஜெனீரோவில் கோபகபானா கடற்கரையை ஒட்டிக் கறுப்பும் வெள்ளையுமாகக் கல் பதித்த நடைபாதை ஒன்று இருக்கிறது, அலை அலையாக. கான்செப்ட் ஷீட்டின் ஒரு மூலையில் அந்தப் படத்தை ஒட்டி, அதிலிருந்து நம் பிளானுக்கு ஒரு அம்புக்குறி போட்டுவிட்டால் 'இன்ஸ்பிரேஷன்' என்ற தலைப்புக்குக் கீழே வேலை முடிந்தது.

அந்த அலை பிரேசில் தோட்டக் கலைஞர் ரோபர்ட்டோ புர்லே மார்க்ஸ் வரைந்தது இல்லை. லிஸ்பன் நகரத்து ரோசியூ சதுக்கத்தில் 19-ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே பதித்தது. போர்ச்சுகீசியக் கல்பதிப்பு வேலையோடு கப்பலேறி பிரேசிலுக்கு வந்து, அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில் கோபகபானாவில் இடம்பிடித்தது. மணல் கொட்டிக் கடற்கரையை அகலமாக்கிச் சாலையையும் விரித்தபோது, நடைபாதையை மறுபடி அமைக்கும் வேலை அவரிடம் வந்தது. அது 1970-ஐ ஒட்டிய காலம். கடல் பக்கம் அந்தப் பழைய அலையையே வைத்துக்கொண்டார். சாலையின் நடுத்திட்டிலும் கட்டடங்களை ஒட்டிய பக்கத்திலும்தான் அவருடைய கை தெரிகிறது. கறுப்பு, வெள்ளை, செம்பழுப்பு என மூன்று நிறக் கற்களில், ஏறக்குறைய 4 கிலோமீட்டர் நீளத்துக்கு ஓடும் வடிவங்கள் அவை. நடந்துபோகிறவருக்கு அவற்றில் பாதிதான் பிடிபடும். எதிரே அடுக்குமாடியில் குடியிருப்பவர் பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்தால் முழுசாகத் தெரியும். நாங்கள் ஷீட்டில் ஒட்டுவது என்னவோ லிஸ்பன்காரர்களின் அலையைத்தான்.

இதை அவருக்குக் குறையாகச் சொல்லவில்லை. இருந்ததை மதித்து விட்டுவைக்கத் தெரிந்தவர் என்பது ஒரு டிசைனருக்குப் பெரிய விஷயம். ஆனால் அவரிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது கோட்டில் இல்லை, செடியில் இருக்கிறது என்றுதான் எனக்குப் படுகிறது.

1909-ல் சாவோ பாவ்லோவில் பிறந்தார், வளர்ந்தது ரியோவில். அப்பா ஜெர்மனியிலிருந்து குடியேறியவர். அம்மா பெர்னாம்புகோ மாநிலத்துக்காரர். பியானோ வாசிப்பார், பாடுவார், தோட்டமும் போடுவார். 1928-ல் குடும்பம் பெர்லின் போனது. பையனுக்கு அப்போது 19 வயது. ஓவியம் கற்றுக்கொண்டிருந்தவர் தாலெம் தாவரவியல் பூங்காவுக்குப் போய் வரைய ஆரம்பித்தார். அங்கேதான், சூடேற்றிய கண்ணாடி வீட்டுக்குள், தன் நாட்டுச் செடிகளை முதன்முதலாக 'அழகு' என்று பார்த்தார் என்பது பாடப்புத்தகக் கதை. அன்றைய ரியோவில் வசதியானவர்களின் தோட்டம் என்றால் ரோஜா, கார்னேஷன், கிளாடியோலஸ். நகரத்துக்கு வெளியே மலைச்சரிவில் தானாக வளர்ந்து கிடந்ததெல்லாம் புதர், வெட்டி எறிய வேண்டியது. பெர்லின்காரர்கள் அதே புதருக்குப் பனிக்காலத்தில் நிலக்கரி எரித்து வெந்நீர்க் குழாய் ஓட்டி உயிர் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

கதை நன்றாகத்தான் இருக்கிறது. இந்த மாதிரி 'ஒரே நாளில் கண் திறந்தது' கதைகள் சொல்லச் சொல்ல மெருகேறும் என்பதையும் மறந்துவிட வேண்டாம். ரியோவில் சின்ன வயதிலேயே வீட்டுத் தோட்டத்தில் மண்ணைக் கிளறியவர் அவர். ஆனாலும் தாலெமில் ஒரு விசேஷம் உண்டு. கண்ணாடி வீட்டை மட்டும் சொல்கிறவர்கள் அதைத் தவறவிடுகிறார்கள். அந்தப் பூங்காவை வகுத்தவர் அடோல்ஃப் எங்லர் என்ற தாவரவியலாளர். செடிகளைக் குடும்பவாரியாக வரிசைகட்டி நிறுத்துவதோடு அவர் நிற்கவில்லை. எந்த நிலப்பகுதியில் எது எதனோடு சேர்ந்து வளர்கிறதோ, அப்படியே சேர்த்து நட்டார். ஆல்ப்ஸ் மலைச் செடி ஒரு இடம், இமயமலைச் செடி இன்னொரு இடம். அதாவது பூங்காவே ஒரு நில வரைபடம். 19 வயதுப் பையன் அங்கே பார்த்தது தனித்தனிச் செடி மட்டும் இல்லை, செடிகளின் கூட்டுக்குடும்பம். பிற்பாடு அவர் செய்ததை வைத்துப் பார்த்தால் இரண்டாவதுதான் ஆழமாக இறங்கியிருக்கிறது.

ஊர் திரும்பியவர் ரியோவில் நுண்கலைப் பள்ளியில் சேர்ந்தார். அதே தெருவில் குடியிருந்த கட்டடக் கலைஞர் லூசியோ கோஸ்தா, தான் கட்டிய ஒரு வீட்டுக்கு 1932-ல் தோட்டம் போடச் சொன்னார். அதுதான் முதல் வேலை. இரண்டே வருடத்தில் வடகிழக்கே ரெசிஃபே நகரத்தில் பூங்காக்களுக்குப் பொறுப்பாளராகப் போய்விட்டார். அப்போது வயது 25. எங்கள் வகுப்பில் பாதிப் பேரின் வயது.

ரெசிஃபேயில் அவர் செய்தவற்றில் இரண்டைத்தான் நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். ஒன்று காசா ஃபோர்த்தே சதுக்கம். நீளவாக்கில் மூன்று தடாகங்கள், அவற்றில் நீர்ச்செடிகள், ஒரு ஆளே படுத்துக்கொள்ளலாம் போன்ற விக்டோரியா அல்லியின் தாம்பாள இலைகள், கரையில் மரங்கள். அமேசான் பகுதிச் செடிக்கு ஒரு பாகம், அட்லாண்டிக் கரைக்காட்டுச் செடிக்கு ஒரு பாகம் என்று பிரித்து நட்டிருக்கிறார். தாலெமில் படித்த பாடம் அப்படியே தெரிகிறது.

இன்னொன்று 1935-ல் வந்த கள்ளித் தோட்டம். ரெசிஃபேக்கு மேற்கே உள்நாட்டில் மழை பொய்க்கும் பெரிய வறண்ட பிரதேசம் இருக்கிறது. முள்ளும் கள்ளியுமான காடு. அங்கே 1890-களின் கடைசியில் கானுடோஸ் என்ற ஊரை அரசாங்கப் படை அழித்தது. அந்தப் போரையும் அந்த மண்ணையும் பற்றி யூக்ளிதீஸ் தா குன்யா 1902-ல் எழுதிய புத்தகம் பிரேசில் இலக்கியத்தில் ஒரு மைல்கல். புர்லே மார்க்ஸ் அந்த எழுத்தாளர் பெயரில் உள்ள சதுக்கத்துக்கு அந்த வறண்ட பூமியின் செடிகளையே கொண்டுவந்து நட்டார். நடுவே கற்களுக்கிடையில் மந்தகாரு என்ற உயரமான கள்ளி, குத்துவிளக்குக் கிளை மாதிரி கைகளை மேலே தூக்கிக்கொண்டு நிற்பது. சுற்றிலும் மரங்கள். பஞ்சம் வரும்போது அந்தப் பிரதேசத்து மக்கள் பிழைக்க வழியில்லாமல் கடலோர நகரங்களுக்கு நடந்து வந்தவர்கள். அவர்கள் விட்டுவந்த நிலத்தின் செடியை நகரத்து நடுவில், பெஞ்சு போட்டு உட்கார்ந்து பார்க்கும்படி வைத்ததில் இருக்கிற துணிச்சல் படத்தில் தெரியாது. நகரத்தைக் காடாக்குகிறார் என்று முணுமுணுப்பு எழுந்ததில் ஆச்சரியம் இல்லை. நம் ஊரில் ஒருவர் மாநகராட்சிப் பூங்காவுக்குக் கள்ளியும் உடைமரமும் போட்ட பிளானைக் கொண்டுபோய்க் கொடுத்தால் என்ன சொல்வார்கள் என்று நினைத்துப்பாருங்கள்.

இடையில் ஒரு சின்ன விஷயம். மந்தகாருவைப் படத்தில் பார்த்ததும் நம் வேலியோரத்துக் கள்ளிதானே என்று தோன்றும். உறவே கிடையாது. நம் கொடிக்கள்ளியையும் சதுரக்கள்ளியையும் கீறினால் பால் வடியும். மந்தகாருவில் அந்தப் பால் இல்லை. தண்ணீர் இல்லாத வெவ்வேறு நிலங்களில் இரண்டு குடும்பங்கள் தனித்தனியாக ஒரே வடிவத்துக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. நிஜமாகவே மந்தகாருவுக்குச் சொந்தம் நம் ஊரில் வளரும் சப்பாத்திக்கள்ளி. அது அமெரிக்காக் கண்டத்திலிருந்து வந்தது.

சரி, யோசனை வந்துவிட்டது. செடிக்கு எங்கே போவது? ஸ்டூடியோவில் யாரும் கேட்காத கேள்வி இது. ஆபீஸில் முதல் நாளே கேட்பார்கள். சென்னையில் ஒரு பிளான்டிங் லிஸ்ட் தயாரானால், ஆந்திராவின் கடியம் நர்சரிகளிலிருந்து லாரியில் எது ஏறிவருமோ அதுவரைக்கும்தான் நம் கற்பனை. ஃபாக்ஸ்டெயில் பாம், பைகஸ், டூரண்டா, மறுபடி ஃபாக்ஸ்டெயில் பாம். கோயம்புத்தூர் ஐ.டி. வளாகமும் ஹைதராபாத் அபார்ட்மென்ட்டும் ஒரே தோட்டமாக இருப்பதற்கு வடிவமைப்பாளர்களின் சோம்பல் பாதிக் காரணம் என்றால், மீதிப் பாதி இந்த லாரிதான். பிரேசிலிலும் அன்றைக்கு அதே நிலைமை. காட்டுச் செடியை விற்கிற நாற்றங்கால் கிடையாது.

அதனால் புர்லே மார்க்ஸ் நாற்றங்காலையே வாங்கினார். 1949-ல் சகோதரரோடு சேர்ந்து ரியோவுக்கு வெளியே குவாராத்திபாவில் பழைய எஸ்டேட் ஒன்றை வாங்கினார். 40 ஹெக்டேர், அதில் ஒரு பழைய மாதாகோயிலும் உண்டு. அதற்கு முன்பே 1940-களில் மெல்லோ பரேட்டோ என்ற தாவரவியலாளரோடு மீனாஸ் ஜெராய்ஸ் மாநிலத்து மலைகளில் சுற்றியிருந்தார். எந்தப் பாறையில் எந்தச் செடி நிற்கிறது, பக்கத்தில் எது இருக்கிறது, வெயில் எவ்வளவு, வேர் எந்த இடுக்கில் பிடிக்கிறது என்று பார்க்கக் கற்றுக்கொடுத்தவர் அவர். பாறைப்பொத்துகளில் நிற்கும் வெல்லோசியா என்ற செடியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் தண்டு பழைய இலையடிகள் ஒன்றன்மேல் ஒன்றாக இறுகிய கட்டு. வளர்ச்சி மெதுவோ மெது. தொட்டியில் கறுப்பு மண்ணும் எருவும் போட்டு ஊட்டி வளர்க்கிற நர்சரி முறைக்கு அது ஒத்துவராது. பாறையைப் படித்தவரால்தான் அதை நட முடியும்.

பிறகு ஆயுள் முழுக்க இதே வேலை. தாவரவியலாளர்கள், உதவியாளர்கள், மாணவர்கள் என ஒரு கூட்டத்தைச் சேர்த்துக்கொண்டு வண்டியில் கிளம்பிவிடுவார். கண்ணில் புதுச் செடி பட்டால் வண்டி நிற்கும். கொண்டுவந்தது குவாராத்திபாவில் நிழல்வலைக்குக் கீழே வைக்கப்படும். பிழைத்து, பெருகினால்தான் ஒரு தோட்டத்தின் பிளானுக்குள் நுழையும். அறிவியலுக்கே புதிதாக இருந்தவையும் அப்படிக் கிடைத்தன. அவர் பெயரையே சூட்டிய ஹெலிகோனியா உண்டு. இன்றைக்கு இப்படிக் காட்டிலிருந்து செடியைப் பிடுங்கிவர அனுமதி கிடைக்காது, கிடைக்கவும் கூடாது. ஆனால் அவர் போன இடங்கள் பலவற்றில் பின்னாலேயே புல்டோசரும் தீயும் வந்தன என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

இந்த இடத்தில் ஒரு நெருடல். 1967 முதல் 1974 வரை, ராணுவ ஆட்சியில், அரசாங்கத்தின் பண்பாட்டு கவுன்சிலில் அவர் உறுப்பினர். காடுகளை அழிப்பதற்கு எதிராக அங்கே திரும்பத் திரும்பப் பேசியிருக்கிறார், பதிவில் இருக்கிறது. வெளியே நின்று கத்தியிருக்க வேண்டாமா என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்த நாற்காலியில் உட்கார்ந்து அதைச் சொல்ல வேறு ஆள் இல்லை என்பது என் கட்சி. எங்கள் ஹாஸ்டலில் இதற்கு நேர்மாறான கட்சியும் உண்டு.

அவரை 'மண்ணின் செடி மட்டும்' என்று சொன்ன வைதீகராக ஆக்கிவிடவும் கூடாது. ரியோவில் ஒரு குன்றை வெட்டிய மண்ணைக் கடலில் கொட்டி உருவாக்கிய ஃபிளமெங்கோ பூங்கா, 120 ஹெக்டேர், 1965-ல் திறந்தது. லோத்தா தெ மசேதோ சோரெஸ் என்ற பெண்மணி முன்னின்று நடத்திய திட்டம். அங்கே புர்லே மார்க்ஸ் நட்டவற்றில் நம் தாளிப்பனையும் இருக்கிறது. தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் உரிய மரம், குடை மாதிரி விரிகிற ஓலை. ஏடு எழுதவும் பயன்பட்டது. பல பத்தாண்டுகள் சும்மா வளர்ந்துவிட்டு ஒரே ஒரு முறை உச்சியில் பெரிய பூங்குலையைத் தள்ளும், காய்க்கும், அதோடு சாகும். அவற்றில் சில அண்மையில் பூத்தன. புர்லே மார்க்ஸ் 1994-லேயே இறந்துவிட்டார். பூவைத் தான் பார்க்கப்போவதில்லை என்று தெரிந்தேதான் நட்டிருப்பார், 50 வயது தாண்டியவர் வேறு எப்படி? எங்கள் பிராஜெக்ட்டுகளில் 'பத்து வருடம் கழித்து' என்று ஒரு படம் போடச் சொன்னாலே முகம் சுளிக்கிறோம்.

நாற்றங்காலிலிருந்து தொடங்குகிறவர்கள் இங்கேயும் இல்லாமல் இல்லை. சென்னையில் அடையாறு கழிமுகத்தை ஒட்டிக் குப்பைமேடாகக் கிடந்த 58 ஏக்கரை மீட்ட வேலை, 2011-ல் திறந்த தொல்காப்பியப் பூங்கா, ஆரோவில்லின் பிச்சாண்டிக்குளம் குழுவின் கையில் நடந்தது. காயாவும் வீரையும் வளர்கிற நம் கடலோர உலர் பசுங்காட்டின் விதைகளைப் பொறுக்கி நாற்று வளர்ப்பதையே முன்பிருந்து தொழிலாக வைத்திருந்தவர்கள் அவர்கள். அங்கே போகிற நண்பர்கள் "டிசைனே தெரியலையே" என்பார்கள். அதை நான் பாராட்டாகத்தான் எடுத்துக்கொள்கிறேன்.

புர்லே மார்க்ஸ் குவாராத்திபா எஸ்டேட்டை 1985-ல் அரசாங்கத்துக்கே எழுதிக்கொடுத்துவிட்டார். 3,500-க்கும் மேற்பட்ட செடி வகைகள். ரியோவில் இடித்த பழைய கட்டடங்களின் கருங்கல்லைக் கொண்டுவந்து எழுப்பிய சுவர்களும் அங்கே இருக்கின்றன, அவற்றின் இடுக்குகளில் பிரோமீலியாட் செடிகளும். 2021-ல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

அவர் அந்த எஸ்டேட்டை வாங்கிய அதே காலகட்டத்தில், உலகத்தின் இன்னொரு பக்கத்தில், இலங்கையின் பென்தோட்டைக்குப் பக்கத்தில் ஏரிக்கரையில் ஒரு ரப்பர் தோட்டத்தை ஒரு வக்கீல் வாங்கினார். அங்கே அவர் மரங்களை நட்டதைவிட வெட்டியதுதான் அதிகம் பேசப்படுகிறது. பெயர் ஜெஃப்ரி பாவா. அவருடைய லுனுகங்காவை அடுத்த வாரம் பார்க்கலாம்.

(தொடரும்)