ஏழு ஸ்டேஷன்... ஏழு லேயர்!

'வில்லிவாக்கம் டு ஆவடி ஸ்டேஷன் பேரெல்லாம் சொல்லுங்க'ன்னு கேட்டா, தூக்கத்தில்கூட ஒப்பிப்பீங்க. வைவாவில் 'ஓ.எஸ்.ஐ. மாடலின் ஏழு லேயர்..?'னு கேட்டா மட்டும் எக்ஸ்டர்னல் முகத்தையும் ஃபேனையும் மாறி மாறிப் பார்ப்பீங்க. ஸ்டேஷனும் ஏழுதானே பாஸ்! ரெண்டையும் முடிச்சுப் போட்டுட்டா போச்சு.

வில்லிவாக்கத்தில் ஏறுங்க. வில்லுக்கு நாணா ஒரு கேபிளை இழுத்துக் கட்டியிருக்காங்க, ஃபிசிக்கல் லேயர். கொரட்டூரில் பக்கத்து சீட்டுக்காரர் குறட்டை. பக்கத்துல இருக்கறவங்களுக்குள்ள மட்டும் நடக்கிற விவகாரம்... டேட்டா லிங்க். பட்டரவாக்கத்தில் பட்டறைக்கு லோடு ஏத்தி வந்த லாரி, எந்த ரூட்டுன்னு வழி கேட்குது... நெட்வொர்க். அம்பத்தூர்? ஓ.டி. பஸ் ஸ்டாண்ட் இருக்கே, டிரான்ஸ்போர்ட்! திருமுல்லைவாயலின் 'வாயல்' நம்ம வாசல்தான். பேச்சுவார்த்தைக்குக் கதவைத் திறந்து மூடுறது செஷன். அண்ணனூரில் அண்ணன் டை கட்டிக்கிட்டு பிரசன்டேஷன் கொடுக்கிறார். ஆவடியில் டேங்க் ஃபேக்டரி வேலைக்கு க்யூ; எல்லார் கையிலும் அப்ளிகேஷன்.

டேட்டா அனுப்பும்போது ஆவடியில் ஏறி வில்லிவாக்கம் வரும். வாங்கும்போது ரிட்டர்ன் டிரிப்.

இந்த வித்தை ஒண்ணும் இறக்குமதி இல்ல. ஒரு பாட்டு முடியற சொல்லில் அடுத்த பாட்டைத் தொடங்கற அந்தாதி இதேதான். அபிராமி அந்தாதியின் நூறு பாட்டையும் புத்தகம் பார்க்காம சொல்ற பாட்டிகளைக் கேளுங்க. ஒரே நேரத்தில் நூறு விஷயங்களைக் கவனிச்சுப் பதில் சொல்ற சதாவதானத்தை, நாகர்கோவில் இடலாக்குடியைச் சேர்ந்த செய்குத்தம்பிப் பாவலர் 1907-ல் சென்னை விக்டோரியா ஹாலில் செய்து காட்டினார்.

ஒரு எச்சரிக்கை. அண்ணனோட டை வெறும் ஒலி ஒற்றுமை. 'பிரசன்டேஷன் லேயர் என்ன செய்யும்?'னு அடுத்த கேள்வி வந்தா அண்ணன் காலை வாரிடுவார். அதனால டையைக் கழட்டிட்டு, தெலுங்கில் வந்த லெட்டரைத் தமிழில் மாத்திப் படிச்சுக் காட்டற வேலையைக் கொடுங்க. டேட்டாவின் வடிவத்தை மாத்தறதுதானே அந்த லேயரின் வேலை! வேலையோட சேர்ந்த முடிச்சுதான் நிக்கும். கொரட்டூர்க்காரர் ஞாபகம் இருந்தா, 'சாதாரண ஸ்விட்ச் எந்த லேயர்?'னு கேட்டாலும் தப்பிச்சிடலாம்.

புதுசா யோசிக்கவும் இது உதவும். ஆனா முதல்ல தோணுற சொல்லை நம்பாதீங்க. 1879-ல் பிரான்சிஸ் கால்ட்டன் (யூஜெனிக்ஸ்ங்கிற விபரீதத்துக்குப் பேர் வெச்ச அதே ஆள்) 75 சொற்களை எடுத்து, ஒவ்வொண்ணுக்கும் மனசுல என்ன தோணுதுன்னு எழுதினார். நாள் விட்டு, இடம் மாத்தி, நாலு தடவை. பார்த்தா, திரும்பத் திரும்ப அதே எண்ணங்கள்! மனசும் பழகின ரூட்டில்தான் ஓடும்.

அதனால ரெண்டு மூணு ஸ்டாப் தள்ளி இறங்குங்க. 'பஸ் கூட்டத்தைக் குறைக்கணும்'னு ஒரு புராஜெக்ட். சம்பந்தமே இல்லாம 'பூ'ன்னு ஒரு சொல்லை எடுங்க. பூன்னா வாசனை, அது எல்லாருக்கும் தோணும். அடுத்து? வாடும். வாடறதுக்குள்ள விலையைக் குறைச்சு வித்துடுவாங்க. அப்போ காலியா ஓடுற மதிய பஸ்ஸில் டிக்கெட்டைக் குறைச்சா..? பூந்தமல்லி மக்களே, ஐடியா உங்க பக்கத்துலேர்ந்துதான்!

இ.சி.இ. மக்கள் கோவிச்சுக்க வேணாம். ரெசிஸ்டர் கலர் கோடில் எண்களுக்கான நிறம் மொத்தம் பத்து. ஆவடியைத் தாண்டி இந்து காலேஜ், பட்டாபிராம், நெமிலிச்சேரி வரைக்கும் போனா ஸ்டேஷனும் பத்து. வில்லிவாக்கம் கறுப்பு, அதாவது ஜீரோ. கொரட்டூர் பிரவுன். மீதியை நீங்களே முடிச்சுப் போட்டுக்குங்க!