டான்சில் ஆபரேஷனா? ஏழாம் நாளிலும் கவனம் தேவை!

கோடை லீவு விட்டதும் பிள்ளைக்கு டான்சில், அடினாய்டு ஆபரேஷனை முடித்துவிடுகிறோம். ஐந்தாறு நாளில் பிள்ளை ஓடியாட ஆரம்பித்துவிடும். ‘லீவு வீணாகிறதே, ஜவ்வாது மலைக்காவது போய் வரலாம். பீமன் நீர்வீழ்ச்சி, காவலூர் வானாய்வகம் எல்லாம் பார்க்கட்டும்’ என்று வீட்டில் பேச்சு கிளம்பும்.

கொஞ்சம் பொறுங்கள்!

ஆபரேஷன் செய்த இடத்தில் வெள்ளையாக ஓர் ஆடை படியும். சீழோ என்று பயப்பட வேண்டாம். அதுதான் புண்ணுக்கு மூடி. ஏறக்குறைய 5 முதல் 10 நாட்களுக்குள் அது உரிந்து விழும்போது, அடியிலுள்ள ரத்தக் குழாய் திறந்துகொண்டால் ரத்தம் கசியும். முதல் 24 மணி நேரத்தில் வரும் கசிவைப் பெரும்பாலும் ஆஸ்பத்திரியிலேயே கவனித்துவிடுவார்கள். அடினாய்டு கசிவு அநேகமாக அப்போதுதான் வரும். இது அப்படியல்ல, வீட்டில் இருக்கும்போது வருவது.

எல்லோருக்குமா வரும்? இல்லை. இங்கிலாந்திலும் வட அயர்லாந்திலும் 2003-04இல் சுமார் 34 ஆயிரம் பேரைக் கவனித்ததில், 100க்கு மூன்று நான்கு பேருக்கே கசிவு. மறுபடி தியேட்டருக்குப் போனவர்கள் 100க்கு ஒருவர்தான். ஆனால் அந்த ஒருவர் நம் பிள்ளையாக இருந்தால்?

சின்னக் குழந்தைகள் ரத்தத்தைத் துப்பாமல் விழுங்கிவிடும். தூக்கத்தில் அடிக்கடி ‘மடக் மடக்’கென்று விழுங்கினால் எழுப்பி, டார்ச் அடித்து வாயைப் பாருங்கள். ரத்த வாந்தி, காப்பித்தூள் நிற வாந்தி, வெளிறிய முகம் எல்லாம் ஆபத்தின் அறிகுறிகள். உடனே முன்பக்கம் சாய்த்து உட்கார வைத்து, பாத்திரத்தில் துப்பச் சொல்லுங்கள். தொண்டைக்குள் பஞ்சு, விரல் எதுவும் விடாதீர்கள். மயக்க மருந்து தர வேண்டியிருக்கலாம் என்பதால் சாப்பிடவும் குடிக்கவும் ஒன்றும் வேண்டாம். 108க்குப் போன் செய்யுங்கள். கசிவு தானாக நின்றுவிட்டாலும் டாக்டரிடம் காட்டியே ஆக வேண்டும். சின்னக் கசிவுக்குப் பின் பெரிய கசிவு வருவதுண்டு.

இதே சங்கடம் ஜமுனாமரத்தூரில் ராத்திரி பத்து மணிக்கு வந்தால், போளூருக்கோ திருப்பத்தூருக்கோ வளைந்து வளைந்து மலை இறங்க வேண்டும். அதனால்தான் இரண்டு வாரம் வெளியூர்ப் பயணம் வேண்டாம் என்பது. மலையிலிருந்து வந்து ஆபரேஷன் செய்துகொள்பவர்கள், ஆஸ்பத்திரி உள்ள ஊரில் உறவினர் வீட்டில் அதுவரை தங்குவது நல்லது.

பிள்ளைக்குப் பல் விழுந்தபோது ரத்தம் நிற்காமல் இருந்ததா, குடும்பத்தில் யாருக்காவது அந்தக் கோளாறு உண்டா? ஆபரேஷனுக்கு முன்பே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். அதன்பின் தண்ணீர் நிறையக் கொடுங்கள். ஆஸ்பிரின் மட்டும் கூடவே கூடாது.

மலை எங்கேயும் போய்விடாது. டாக்டர் ‘சரி’ என்றதும் நிம்மதியாகக் கிளம்பலாம்!