ராயகிரியிலிருந்து ஐம்பூதத் தலங்களுக்கு

தென்காசி மாவட்டம் ராயகிரியில் என் மனைவியின் தமக்கை வீடு இருக்கிறது. மேற்கே மலைத்தொடர், ஊரைச் சுற்றி வயலும் தென்னந்தோப்பும். சென்ற மாசியில் நான்கு நாள் அங்கே தங்கி, சங்கரன்கோவில் வட்டாரத்துப் பஞ்சபூதத் தலங்களைத் தரிசித்து வந்தோம். சங்கரன்கோவில் மண், கரிவலம்வந்தநல்லூர் நெருப்பு, தாருகாபுரம் நீர், தென்மலை காற்று, தேவதானம் ஆகாயம் என்பது மரபு. தேவதானம் மட்டும் விருதுநகர் மாவட்டத்தைச் சேர்ந்தது.

மகாசிவராத்திரியன்று வேன் அமர்த்தி, ஐந்தையும் ஒரே மூச்சில் தரிசிப்போர் பலர். அவர்களது பக்தியை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆயினும் அறுபதைக் கடந்தவர்களுக்கு அது ஏற்றதன்று. நாங்கள் நாளுக்கு ஒன்றிரண்டு தலங்களே வைத்துக்கொண்டோம். விடியற்காலையில் புறப்பட்டு, ஊருக்குச் சற்று முன்பே இறங்கி, வயலோரமாக நடந்தோம். வெயில் ஏறுமுன் தரிசனம் முடிந்துவிடும்; நண்பகலில் நடை சாத்திவிடுவார்கள் என்ற கவலையும் இல்லை.

முதலில் சங்கரன்கோவில். கோமதியம்மனை வணங்கி, புற்றுமண் பெற்றுக்கொண்டோம். தென்மலைக்கு ஆட்டோ பேசிப் போனோம். அது காற்றுத் தலம். அன்றோ ஓர் இலைகூட அசையவில்லை. மனைவி சிரித்துவிட்டாள். தாருகாபுரத்து இறைவன் திருநாமம் மத்தியஸ்தநாதர். மன்னர்களிடையே மூண்ட பகையை நடுவராக நின்று தீர்த்தவர் என்பார்கள். வங்கியில் முப்பத்திரண்டு ஆண்டுகள் கடன் தகராறுகளைக் கேட்டுக் காது புளித்தவன் நான். அந்தத் திருநாமத்தின் அருமை எனக்குத் தெரியும். தேவதானத்தில் பாண்டியனுக்குப் பகைவன் அனுப்பிய நஞ்சு தோய்ந்த ஆடையின் தீங்கைப் போக்கிய நச்சாடை தவிர்த்தவரைத் தரிசித்தோம்.

இறுதியாகச் சென்றது கரிவலம்வந்தநல்லூர். பால்வண்ணநாதரையும் ஒப்பனையம்மையையும் வணங்கிவிட்டுப் பிராகாரத்தில் அமர்ந்தோம். எங்களுக்கு மக்கட்பேறு இல்லை. நாற்பத்தொரு ஆண்டு இல்லறத்தில் ஒருநாளும் கேட்காததை அன்று கேட்டாள்: "நமக்கப்புறம் நம்மள நெனச்சு எள்ளும் தண்ணியும் விட யாருங்க இருக்கா?"

எனக்கு விடை தெரியவில்லை. அத்தலத்து வரலாறு ஒன்று நினைவுக்கு வந்தது, அதைச் சொன்னேன். தென்காசிப் பாண்டியர் மரபில் 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் அரியணை ஏறியவர் வரதுங்கராம பாண்டியர். பிரமோத்தர காண்டத்தைத் தமிழில் பாடியவர். பால்வண்ணநாதரிடம் அளவிறந்த அன்பு கொண்டிருந்தார். பிள்ளையில்லாத அம்மன்னர் மறைந்தபோது, இறைவனே மகனாக வந்து ஈமக்கடன் ஆற்றினார் என்பது அங்கே வழங்கும் வரலாறு.

அவள் சந்நிதியின் பக்கம் திரும்பி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்படின்னா சரி" என்றாள். பிறகு எழுந்தாள். முழங்கால் வலி என்று எப்போதும் என் தோளைப் பிடித்துக்கொண்டு வருகிறவள், பேருந்து நிறுத்தம் வரை எனக்கு முன்னே நடந்தாள்.